அப்பான்ர மிட்ஜெற்: விக்கிறதோ திருத்துறதோ

போன ஞாயிறு முறிகண்டியில கார் திரும்பவும் நிண்டுபோச்சு. பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சு ரெண்டு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டார்ட் அடிச்சா கிர் கிர் எண்டுறதோட சரி, எஞ்சின் பிடிக்குதில்லை. கச்சான் விக்கிற அக்காமார் மூண்டு பேர் வந்து தள்ளிவிட்டவை. "தம்பி, உது போன மாசமும் இதிலதானே நிண்டது" எண்டு ஒரு அக்கா கேட்டா, மகளுக்கு முகம் செத்துப்போச்சு.

அண்டு இரவு மனிசி கேட்டாள், இதை வித்தா பின்பக்கக் கூரையை மாரிக்கு முதல் போட்டுடலாமே எண்டு. நியாயமான கேள்வி. கொழும்பில இருந்து ஒருத்தர் ரெண்டு மாசமா போன் அடிச்சுக்கொண்டிருக்கிறார், 17 லட்சம் தாறன் எண்டு. ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லை.

கார் எம்.ஜி. மிட்ஜெற், 1965, மார்க் டூ, 1098 சிசி. ரெண்டே ரெண்டு சீற், மேல கன்வஸ் கூரை. அப்பா கொழும்பில வேலை செய்யேக்க 1979ல வாங்கினது. 1990ல சண்டை தொடங்க வவுனியாவில சித்தப்பா வீட்டுக் கொட்டிலுக்குள்ள விட்டுட்டு மாங்குளத்துக்கு வந்தவர், அதாலதான் அது தப்பினது, இஞ்சால கொண்டந்திருந்தா 2009ல எங்கட மற்றச் சாமானுகள் மாதிரி அதுவும் இல்லாமல் போயிருக்கும். 2002ல சண்டை நிண்டு ஏ9 பாதை திறந்த உடன அப்பா முதல் போய்ப் பாத்தது சித்தப்பாவை இல்லை, காரைத்தான். போனற்றில கையை வைச்சுக்கொண்டு கன நேரம் பேசாமல் நிண்டவர். 2012ல லொறியில ஏத்தி வீட்ட கொண்டந்தம். அப்பா இப்ப இல்லை.

சரி, விசயத்துக்கு வாறன். கிளிநொச்சியில ஒரு வயசான மெக்கானிக் அண்ணை இருக்கிறார், அவரிட்டக் கொண்டு போனன். போனற்றைத் திறந்து பாத்துட்டு "இது மொறிஸ் மைனர் எஞ்சின் தம்பி" எண்டார். உண்மைதான், 1962க்குப் பிறகு வந்த மைனருக்கும் இதே குடும்பத்து 1098 எஞ்சின்தான், இதுக்கு காபரேற்றர், பெற்றோலையும் காத்தையும் கலந்து குடுக்கிற சாமான், ரெண்டு. சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரினையும் மொறிஸையும் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் ஆக்கி பேந்து மண்ணெண்ணெயில ஓட வைச்ச கை அவற்ற கை, அந்த ஆக்களுக்கு இந்த எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுற சாமான்.

காபரேற்றருக்குள்ள ஒரு பிஸ்டன் இருக்கு, அதை விரலால தூக்கி விட்டார். முதலாவது டொக் எண்டு மெல்லிசாச் சத்தம் போட்டு விழுந்துது. ரெண்டாவது பாதியில இறுகி நிண்டுது. கழட்டி, துணியால துடைச்சு, நடுவில நிக்கிற குழாய்க்குள்ள கொஞ்சம் ஒயில் விட்டு திரும்ப விட்டா அதுவும் டொக். பத்து நிமிச வேலை.

முறிகண்டியில நிக்கிறதுக்கும் காரணம் சொன்னார். இந்த எஞ்சினில புகைக் குழாயும் காபரேற்றரும் ஒரே பக்கம், ஓடேக்க காத்துப் படும், சூட்டோட நிப்பாட்டினா கீழ இருந்து வாற வெக்கை பெற்றோலைக் கொதிக்க வைச்சுடும். அதைத் தடுக்க இடையில ஒரு தகடு, ஹீற் ஷீல்ட், இருக்கவேணும். எங்கட காரில அது இல்லை. முந்தி வேலை செய்ய விட்ட கராஜ் ஒண்டில கழட்டினவை, திருப்பிப் போடேல்லை. அதே இடத்தில பற்றரியையும் மாறிக் குடுத்து டைனமோவைப் பழுதாக்கினவை, இந்தக் காருக்கு பற்றரியின்ர பிளஸ் வயர்தான் கார் பொடிக்குப் போறது எண்டு கேட்டிருந்தாத் தெரியும். எனக்கு இண்டைக்கும் அந்தக் கோவம் ஆறேல்லை.

நான் சந்தோசமா வெளிக்கிட, அண்ணை "நில்லும், இனித்தான் பாக்கவேணும்" எண்டுட்டு நிலத்தில படுத்தார். கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பெட்டி மாதிரித் தகரம், சில் எண்டு சொல்லுறது, அதில ஸ்குறூ டிறைவரை வைச்சு அமத்தினார். பாண் துண்டுக்குள்ள போன மாதிரி உள்ள போச்சு. இழுக்க கறளும் எங்கட செம்மண்ணும் கலந்து பொலபொலவெண்டு கொட்டிச்சுது. கிறவல் ரோட்டுப் புழுதி உள்ள போய் தண்ணி வடியிற ஓட்டையை அடைச்சுக்கொள்ளும், மாரித் தண்ணி அதுக்குள்ளயே நிண்டு உள்ளுக்கால தின்னும், வெளியில பெயின்ற் பளபளவெண்டு இருக்கும். பேந்து ஜக்கை வைச்சு நடுவில தூக்கிட்டு கதவைத் திற எண்டார். திறந்தன், திரும்பப் பூட்ட ஏலேல்லை. இந்தக் காருக்கு கீழ தனிச் சேஸ், அடிச் சட்டம், இல்லை, அந்தச் சில் பெட்டியும் தளமும்தான் முதுகெலும்பு. பின் ஸ்பிறிங் பிடிக்கிற இடத்திலயும் கறள் துவங்கியிருக்கு. எஞ்சின் எப்பவும் திருத்தலாம், பழைய கார் வைச்சிருக்கிற ஆக்கள் முதல் அடித் தகரத்தைத் தட்டிப் பாருங்கோ, விக்கிறதோ வைச்சிருக்கிறதோ எண்டு அதுதான் சொல்லும்.

ரிங்கரிங், வெல்டிங் எல்லாம் 5 லட்சம் வரும் எண்டார். கொழும்புக்காரருக்குப் போன் அடிச்சு ஒளிக்காமல் எல்லாத்தையும் சொன்னன். அவர் பரவாயில்லை, எனக்குப் பொடி தேவையில்லை, எஞ்சினையும் கதவுகளையும் கழட்டி என்ர மற்ற மிட்ஜெற்றுக்குப் போடப்போறன் எண்டார். அதில பிழையில்லை, ஒரு கார் நல்லா ஓடும். ஆனா அப்பா கை வைச்ச அந்த போனற் எங்கயோ ஒரு மதிலோட சாத்திக் கிடக்கும் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு அடைச்சுது.

மனிசியோட இருந்து கதைச்சம். இந்தக் காலபோக நெல்லு வித்த காசில முதல் கூரை, மழை ஒழுகிற பக்கத்துக்கு அதுவரைக்கும் தறப்பாள். மிச்சக் காசில ஒரு பக்கச் சில், அடுத்த போகத்துக்கு மற்றப் பக்கம். அதுவரைக்கும் கார் ரோட்டில இறங்காது. "மகளைத் திரும்ப றோட்டில நிப்பாட்டாட்டிச் சரி" எண்டாள். பழைய சில் தகரத்தை வெட்டினா பொடி மடிஞ்சுபோம் எண்டபடியால் வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கால பொக்ஸ் பார், சதுர இரும்புக் குழாய், வெல்ட் பண்ணவேணுமாம், அண்ணை நேற்று வந்து ரெண்டு பக்கமும் அளவெடுத்து பாரை வெட்டி வைச்சிட்டுப் போனவர்.

கொழும்புக்காரருக்கும் விக்கேல்லை எண்டு சொல்லிட்டன். அவர் கோவிக்கேல்லை. தன்னட்ட ஹீற் ஷீல்ட் ஒண்டு மேலதிகமாக் கிடக்காம், வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில போட்டு விடுறாராம், மாங்குளம் சந்தியில நிண்டு எடுக்கட்டாம்.