ஒரு வோல்ட்டுக்கு ஒரு முள் மீட்டர்

1 வோல்ட் வரை அளக்கும் முள் வோல்ட்மீட்டர் ஒன்றை நாமே செய்யலாம். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பேனல் மீட்டர் வாங்கும்போது, 100 மைக்ரோஆம்ப் மின்னோட்டத்தில் முள் முழு அளவுக்குப் போகும் டிசி மூவிங் காயில் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஏசிக்கான மூவிங் அயர்ன் மீட்டர் இதற்கு உதவாது.

முதலில் மீட்டருக்குள் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் தெரிய வேண்டும். மல்டிமீட்டரின் ஓம்ஸில் வைத்து அளக்காதீர்கள். முள் எகிறி வளைந்துவிடலாம். 9 வோல்ட் பேட்டரியோடு 68கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், 47கே பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) இரண்டையும் மீட்டருக்குத் தொடராக இணைத்து முள்ளை முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மீட்டருக்கு இணையாக 5கே பாட் (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டு, முள் பாதிக்கு இறங்கும்வரை திருப்புங்கள். பாட்டைக் கழற்றி அளந்தால் அதுதான் காயிலின் மதிப்பு, ஏறக்குறைய.

1 வோல்ட்டில் 100 மைக்ரோஆம்ப் ஓடி முள் முழு அளவுக்கு வர மொத்தம் 10கே வேண்டும். காயில் 1.5கே என்றால் மீதி 8.5கே: 8.2கே மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், தொடராக 500 ஓம் பிரீசெட். காயிலின் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு வைத்தால் தப்பித்தவறி 12 வோல்ட் பட்டாலும் முள் பிழைக்கும்.

தொடர் ரெசிஸ்டர் இல்லாமலே 150 மில்லிவோல்ட் காட்டுமே என்று ஆசைப்படலாம். ஆனால் செம்புக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும்; காலையில் சரிபார்த்தது மதியம் பொய் சொல்லும். அவ்வளவு குறைந்த அளவுக்கு ஆப்-ஆம்ப் (சிறிய வோல்டேஜைப் பெருக்கித் தரும் ஐசி) போடுவதுதான் சரி.