காண்பவர் இல்லாத இழுப்பறை

மார்ச் 1

நம் உணர்வுக்கு அப்பால் மெய்யான உலகம் ஒன்று உண்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம், 1896-ஆம் ஆண்டு இதே நாளில் பாரிஸில் நடந்ததுதான் என் நினைவுக்கு வருகிறது. வெயில் பட்டால்தான் யுரேனிய உப்பு கதிர்களை வெளியிடும் என்று கருதியிருந்த இயற்பியலாளர் ஆன்றி பெக்கெரல், வானம் மூடியிருந்ததால், கறுப்புத் தாளில் பொதிந்த ஒளிப்படத் தகட்டை அந்த உப்போடு சேர்த்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, மங்கலான சுவடுதான் தெரியும் என்று அவர் எண்ணியதற்கு மாறாக, அழுத்தமான கருநிழல் பதிந்திருந்தது. இருட்டில், எவரும் காணாமல், காணவிருந்தவரின் கருத்துக்கும் மாறாகவே அது நிகழ்ந்திருக்கிறது.

மார்ச் 2

அந்தத் தகட்டையும் அவர் தம் கண்ணால்தானே பார்த்தார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, தருக்கத்தால் மட்டும் அதை வீழ்த்த முடியாது. ஆனால், உணரப்படுவதே இருத்தல் என்று 1710-இல் வாதிட்ட மெய்யியலாளர் பார்க்லிகூட, புலன்வழி வரும் காட்சிகள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவற்றுக்குக் காரணமாகக் கடவுளின் மனத்தைக் காட்டினார்.

மார்ச் 4

மெய்யியலாளர் ஜான் லாக் எழுதிய சோதனையை இன்று செய்து பார்த்தேன். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் மிதமான நீரில் அமிழ்த்தியதும், ஒரே நீர் ஒரு கைக்குச் சில்லென்றும் மறு கைக்குச் சூடாகவும் பட்டது. சூடு என்ற உணர்வு நம்முடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், கைகள் இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்று விளக்கப் புகுந்தால், நீரின் வெப்பநிலை ஒன்றே என்றும் தோலின் நிலைதான் வேறுபட்டிருந்தது என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது. உணர்வின் பிழையைப் பிழை என்று சொல்வதற்கே உணர்வுக்கு வெளியே ஓர் அளவு தேவைப்படுகிறது.

மார்ச் 7

என்னை முழுமையாக இணங்க வைப்பது அணுவின் கதை. எவர் கண்ணுக்கும் புலப்படாத அணுவை, கணக்குக்கு உதவும் கற்பனை என்று பெரிய அறிஞர்களே ஒதுக்கிய காலத்தில், இயற்பியலாளர் ழான் பெரின் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அளந்து, குறித்த அளவுப் பொருளில் எத்தனை அணுக்கள் அல்லது மூலக்கூறுகள் உள்ளன என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டார். வானத்தின் நீலம், கதிரியக்கம் என ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவற்றைக் கொண்டு அதே எண்ணைக் கணக்கிட்ட வழிகளும், 6-க்குப் பின் 23 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணையொட்டியே வந்து நின்றன. உலகம் நம் மனத்தின் தோற்றம் மட்டுமே என்றால், இந்த ஒற்றுமையை யார் ஏற்பாடு செய்திருக்க முடியும்? அணுக்கொள்கையை நெடுங்காலம் எதிர்த்துவந்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்ட், 1909-இல் வெளிவந்த தம் பாடநூலின் முன்னுரையில் தம் எதிர்ப்பைக் கைவிட்டார்.