“இதைக் கேட்டுட்டுச் சொல்லு”

எண்பதுகளின் கடைசியில் நம் பள்ளி விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். லீவு முடிந்து திரும்பும் பைகளில் கச்சாயம், முறுக்கோடு ஒரு கேசட்டும் இருக்கும். யாருக்குக் கொடுப்பது என்று ஊரிலேயே முடிவாகியிருக்கும். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தவை. பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் பட்டியல் போடத் தனித் திறமை வேண்டும்.

நாதஸ்வரம் என்றால் எனக்குக் கல்யாண வீட்டுச் சத்தம், அவ்வளவுதான். அது தெரிந்த பவானி நண்பன் காருகுறிச்சி அருணாசலத்தின் கேசட்டைக் கொடுத்து, “ராகம் வாசிக்கிற எடத்தை மட்டும் கேளு. மத்ததெல்லாம் அப்புறம்” என்றான். அந்த ராகத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கோயமுத்தூர் நண்பன் கொண்டுவந்தது, நம் இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த ‘சக்தி’ குழு. ஜான் மெக்லாலின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். “கடத்தைப் பிடிச்சுக்கிட்டே போ, மத்தது தானா வரும்” என்றான். வந்தது. ஜாஸுக்குள் நான் நுழைந்தது அந்த வழியாகத்தான். 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஐரோப்பிய இசைமேதை பாஹ் பக்கம் கூட்டிப்போனது.

காங்கேயத்து நண்பன் கேசட் எதுவும் தரவில்லை. அவனுடைய அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்குக் கூட்டிப்போய், அண்ணமார் கோயில் வாசலில் உடுக்கடிப் பாட்டுக் கேட்க உட்கார வைத்தான். பாடுபவர் உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தி விட, சத்தம் குழைந்து ஏறி இறங்கும். பாட்டு சட்டென்று பேச்சாகும், பேச்சு ஒப்பாரியாகும். நாங்கள் கண் செருகும்போதெல்லாம் அமுச்சி, “தூங்கிப் போடாதீங்க கண்ணு, தங்காள் அழுகற எடம் இனிமேல்தான் வருது” என்பார். அண்ணமாரான பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் கதை எனக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத இசை. கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இதே கதையைப் பாடக் கேட்டு டேப்பில் பதிவு செய்தார் என்பது பல காலம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது செயலிகளும் பாட்டுச் சொல்கின்றன. நேற்றுக் கேட்டதைப் போலவே இன்னொன்றைத் தரும், சரி. ஆனால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே ஒன்றைக் கொடுத்து, எங்கே தொடங்க வேண்டும் என்றும் சொல்ல நண்பன்தான் வேண்டும். எங்கள் வாட்ஸப் குழுவில் அது இன்றும் நடக்கிறது. போன வாரம் ஒருவன் மாலி நாட்டு அலி ஃபார்க்கா தூரேயின் கிதாரை அனுப்பி, “உடுக்கை கேட்ட காதுக்கு இது புரியும்” என்று எழுதியிருந்தான். புரிந்தது.

காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கம் உறவுள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை ஊருக்குப் போனால் உடுக்கடிப் பாட்டை, பாடுபவரிடம் கேட்டுக்கொண்டு, பதிவு செய்து அனுப்புங்கள். அவர் பெயர், ஊர், தேதி மறக்க வேண்டாம். மூன்று நிமிடத் துண்டு போதாதுங்க, ராத்திரி முழுக்க வேண்டும்.