மாற்கு நற்செய்தியைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்: எட்டாம் அதிகாரம் வரை

சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நற்செய்திப் பகுதிகளில் ஒரு சங்கடம் உண்டு. வாசகர் முதல் வரியை வாசித்ததுமே முடிவு நினைவுக்கு வந்துவிடுவதால், நடுவில் இருப்பது காதில் விழாமலே போகிறது. அதற்கு மாற்றாகத்தான் மாற்கு நற்செய்தி முழுவதையும் நோட்டில் எழுதத் தொடங்கினேன். நான்கு நற்செய்திகளில் இதுவே சிறியது, 16 அதிகாரங்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

முறை இதுதான். ஒரு பத்தியை வாசித்துவிட்டு, நூலை மூடி, நினைவிலிருந்து வலப்பக்கத்தில் எழுதுவேன். பிறகு ஒப்பிட்டு, வேறுபாடுகளை இடப்பக்கத்தில் குறிப்பேன். வெறுமனே பார்த்து எழுதினால் கை மட்டுமே வேலை செய்யும் என்பது முதல் அதிகாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இடப்பக்கம் நிரம்பி வழிந்தது நான்காம் அதிகாரத்தில்தான். இயேசு புயலை அடக்கும் பகுதியை நான் எழுதியபோது, அவர் முதலில் சீடர்களைக் கடிந்துகொண்டு, பிறகு காற்றை அடக்குவதாக வந்தது. அது மத்தேயுவின் வரிசை. மாற்கில் முதலில் காற்று அடங்குகிறது. சீடர்களைக் கடிந்துகொள்ளும் கேள்வி அதன் பிறகே வருகிறது. ஆபத்தில் இருப்பவனை முதலில் கரைசேர்த்துவிட்டுப் பிறகு பேசுகிற இந்த வரிசையே எனக்குப் பிடித்திருக்கிறது.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரையில் இந்தப் பகுதியைத் தெரியாதவர் இல்லை. ஆனால் வேறு படகுகளும் அவருடன் சென்றன என்று மாற்கு மட்டும் சொல்லும் ஒரு வரி என் நினைவில் இருந்ததே இல்லை. அந்தப் படகுகள் என்னவாயின என்று அவர் பிறகு சொல்லவும் இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் கடந்த பிறகு, திரும்பாத வள்ளங்களையும் விசைப்படகுகளையும் எதிர்பார்த்துக் கரையில் நின்ற ஊர்களில் இந்த வரி வாசிக்கப்படும்போது, மறையுரை அந்த ஒரு படகைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

இயேசு படகின் பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்கினார் என்பதை, கடலுக்குப் போய் ஓய்ந்த என் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். “அவரு அமரத்துல கெடந்து ஒறங்குதாருன்னா, தொழிலு தெரிஞ்சவங்க கையில வள்ளத்த விட்டிருக்காருன்னுதானே மக்ளே அர்த்தம்?” என்றார். அந்தச் சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகிய நால்வர் மீனவர்கள். சீடர்களுக்கு அவர்மீது நம்பிக்கை இல்லை என்பதையே கேட்டிருந்த எனக்கு, அவர் அவர்களை நம்பியிருந்தார் என்பது புதிய கோணம். கலிலேயக் கடல் உண்மையில் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் மேல் தாழ்வாக அமைந்த ஏரி. சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலிருந்து காற்று திடீரென இறங்கும். 1986-இல் அதன் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட பழங்காலப் படகின் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர்தான் என்று சொன்னதும், பின்பகுதியில் ஒருவர் படுக்க இடம் இருந்திருக்கும் என்று மாமா கணக்குப் போட்டார்.

ஐந்தாம் அதிகாரம் விரைவாக முடிந்தது. இயேசு உயிர்பெற்றெழச் செய்யும் யாயிரின் மகளுக்கு வயது 12. அந்த நிகழ்வின் நடுவில் வந்து குணமாகும் பெண்ணின் நோயும் 12 ஆண்டுகள். திருப்பலியில் குறுகிய வாசகத்தைத் தேர்ந்தால் அந்தப் பெண் முழுவதுமாக விடுபட்டுப் போகிறார் என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆறும் ஏழும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டில், பார்வையற்ற ஒருவர் ஒரே தொடுதலில் குணமாகாமல், முதலில் மனிதரை நடமாடும் மரங்களைப் போலக் கண்டு, இரண்டாம் முறையே தெளிவாகக் காண்கிறார். மாற்கில் மட்டுமே உள்ள இந்தப் பகுதியை எங்கள் அன்பிய (பங்கில் அருகருகே வாழும் குடும்பங்களின் சிறு குழு) கூட்டத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தயக்கம் 14, 15-ஆம் அதிகாரங்களில்தான். பெரிய வெள்ளியன்று ஆண்டுதோறும் இயேசுவின் பாடுகளை யோவான் எழுதியபடியே கேட்பதாலும், சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளும் நான்கு நற்செய்திகளிலிருந்தும் திரட்டப்பட்டவை என்பதாலும், என் நினைவு அங்கே மாற்கை விட்டு விலகியே எழுதும். மாற்கில் சிலுவையிலிருந்து வரும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதனால் அந்த இரண்டு அதிகாரங்களை மட்டும் முதலில் நூலைத் திறந்து வைத்து ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வாரம் மூடி வைத்து மறுமுறை எழுதலாம் என்றிருக்கிறேன்.