தெப்பம் வரை போய்த் திரும்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

பணம் கட்டிவிட்டேன். செப்டம்பரில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் போட்டி. 1.5 கிலோமீட்டர் கடல் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோதும் இதே அளவுதான். நாற்பத்தொரு வயதில் இது தேவையா என்று அம்மா கேட்டாள். தேவையில்லைதான்.

உச்சிப்புளியில் பிறந்து வளர்ந்தும் முப்பத்தெட்டு வயது வரை எனக்கு நீந்தத் தெரியாது. இந்தக் கரையில் அது அதிசயமில்லை. தொழிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் கடல். எங்களைப் போன்ற ஆசிரியர் வீடுகளுக்கு அது மாலையில் போய் உட்கார்ந்து சுண்டல் தின்னும் இடம்.

இணையத்தில் இருந்து 32 வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை இறக்கி, அச்செடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். புதன்கிழமைகளில் மலையேற்றச் சைக்கிள் என்று போட்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய வரை பனையும் சீமைக் கருவேலும் கண்மாய்க்கரையும்தான். இருக்கிற ஒரே மேடு பாம்பன் சாலைப் பாலம். படகுகள் அடியில் போவதற்காக நடுவில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். இனிப் புதன்கிழமைகளில் அதுதான் என் மலை.

23 பிப்ரவரி, ஞாயிறு

மதுரையில் குறுந்தூரப் போட்டி; நீச்சல் குளத்தில். நீந்தி முடித்து ஓடிவந்து, ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டுவிட்டேன். நடுவர் நிறுத்திவிட்டார். வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும் என்பது விதி. அது எனக்குத் தெரியும். மாணவர்கள் "தெரியும் டீச்சர், மறந்துவிட்டது" என்று சொல்லும்போது இனிக் கொஞ்சம் நம்பலாம்.

16 மார்ச், ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

வாடைக்காற்று தணிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு முனைக்காட்டுப் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இறங்கினேன். அங்கே பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம், குறுக்கே கயிறுகள், கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பாசித் துண்டுகள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. கப்பாபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். முதலில் அதை இங்கே வணிகமாக வளர்க்கவைத்த நிறுவனத்தின் நினைவாக ஊரில் எல்லோருக்கும் அது 'பெப்சி பாசி'. கரையில் இருந்து கடைசித் தெப்பம் ஏறத்தாழ 250 மீட்டர். மூன்று முறை போய்த் திரும்பினால் என் கணக்கு முடிந்துவிடும். அங்கேயும் கழுத்தளவுத் தண்ணீர்தான். முடியாவிட்டால் நடந்து வரலாம். இதைவிட நல்ல நீச்சல் குளம் எங்கே கிடைக்கும்?

கடைசித் தெப்பத்தைக் குறிவைத்து நீந்தினேன். பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கிப் பார்த்தால், தெப்பம் கிழக்கே நகர்ந்திருந்தது. திரும்பிக் குறிவைத்தேன். மறுபடியும் நகர்ந்தது. நங்கூரம் போட்ட தெப்பம் நகருமா? நான்தான் மேற்கே போய்க்கொண்டிருந்தேன். 250 மீட்டர் போக வேண்டிய இடத்துக்கு என் கைக்கடிகாரம் 410 என்று காட்டியது.

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் சிரித்துவிட்டார். அறுபது வயதிருக்கும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, விரல்களில் துணிச் சுற்று. இளம் வயதில் தென்கடலில், மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் மூழ்கிப் பாசி எடுத்தவராம்.

"டீச்சர், தெப்பத்தைப் பார்த்து நீந்தினால் தெப்பத்துக்கு எப்படிப் போவீர்கள்? நீர் தள்ளிக்கொண்டே இருக்கிறதே. கிழக்கே இரண்டு தெப்பம் தள்ளிப் பாருங்கள். இது தானாக வரும்."

அப்படியே செய்தேன். வந்தது.

பதினான்கு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு நடத்துகிறேன். நேர் எதிர்க்கரையை அடையப் படகை எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும்? கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, சைன் தீட்டா எழுதி, இரண்டு மதிப்பெண். அந்தப் படகு நான்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

இராமநவமி. பிரதமர் வந்து புதிய ரயில் பாலத்தைத் திறந்தார். எங்கும் காவல், சைக்கிளுக்கு வழியில்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. 1914இல் கட்டிய பழைய பாலத்தில் இரண்டு இலைகளும் கைகூப்பி விரிவதுபோல் இருக்கும். அதன் அழகு வேறு. அம்மாவுக்குப் பழையதுதான் பாலம். எனக்கு 1988இல் திறந்த சாலைப் பாலம்தான். ரயில் பாலத்தில் என் மலை இல்லையே.

20 ஏப்ரல், ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஆறாவது நாள். ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. நீருக்குள் தலையை விட்டால் மோட்டார் இரைச்சல் இல்லை. என் மூச்சுக் குமிழி உடைவது கேட்கிறது. படகுக்காரர் வீடுகளுக்கு இது கடினமான காலம் என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன்.

1.5 கிலோமீட்டர், 44 நிமிடம்.

11 மே, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். ஐந்து மணிக்கே ஓடிமுடித்தும் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. அட்டவணை '90 நிமிட ஓட்டம்' என்கிறது. எழுதியவரை ஒருநாள் தேவிப்பட்டினம் சாலையில் மே மாதம் ஓடவிட வேண்டும். 50 நிமிடத்தில் நிறுத்தி, பதநீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீச்சலில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டது. இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை சாட்டையால் அடித்தது போலக் கோடு. நல்ல தண்ணீர் ஊற்றப் போனேன். தெப்பத்தில் வழி சொன்ன அந்த மூத்த அக்கா கையைப் பிடித்துத் தடுத்து, கடல்நீரை ஊற்றினார். நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொட்டணுக்கள் மேலும் வெடிக்கும். அவர் சொன்ன காரணம் வேறு, செய்தது சரி. வீட்டுக்கு வந்து தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தேன். அரை மணியில் எரிச்சல் அடங்கியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

15 ஜூன், ஞாயிறு

படகுகள் போய்விட்டன. கச்சான் வந்துவிட்டது.

மேற்கில் இருந்து அடிக்கும் இந்தக் காற்று தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும். வடகடலில் எங்கள் ஓரத்தை அவ்வளவாகத் தொடாது. நீச்சலுக்கு நல்லது. சைக்கிளுக்கு? வீட்டில் இருந்து பாம்பன் போகும்போது முதுகில் காற்று. 32 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறேன், எதிரே வருகிறவர்கள் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்திருப்பார்கள். திரும்பும்போது 18. தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு டீசல் ஆட்டோ தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு.

நாளை வகுப்பில் இதையே கேட்கப்போகிறேன். 20 கிலோமீட்டர் 32இல், 20 கிலோமீட்டர் 18இல், சராசரி என்ன? பாதிப் பேர் 25 என்பார்கள். விடை 23. எதிர்காற்றில் அதிக நேரம் கிடப்பதால் வரும் நட்டம் அது. போகும்போது காற்று கொடுத்ததைவிடத் திரும்பும்போது கூடுதலாகப் பிடுங்கிக்கொள்கிறது, எங்கள் ஊர் வட்டிக்கடை போல.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. இராமேசுவரம் சாலை முழுவதும் வேன்கள். பயிற்சி இல்லை. தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தோம். அக்னி தீர்த்தத்தில் அத்தனை கூட்டத்திலும் என் மகள் காதோரம் கேட்டாள்: "அம்மா, இங்கே இருந்து அக்கரைக்கு நீந்தினால் எவ்வளவு நேரம் ஆகும்?" என்னைக் கெடுத்தது போதாதென்று.

10 ஆகஸ்ட், ஞாயிறு

விழுந்துவிட்டேன்.

தனுஷ்கோடி சாலை. இந்தக் கரையில் சைக்கிளுக்கு இதைவிட நேரான சாலை இல்லை, இருபுறமும் கடல். வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று இரைந்துகொண்டே இருக்கும், மற்றது பேசாமல் கிடக்கும். என் வீட்டில் இது தலைகீழ். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் அழிந்த பிறகு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வர 2017 ஆகிவிட்டது. புயலின்போது அம்மாவுக்கு ஆறு வயது. ரயில் கடலுக்குள் போய்விட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதாம். நான் அங்கே சைக்கிளில் போவது அவளுக்கு அறவே பிடிக்காது.

கச்சான் அள்ளிவந்த மணல் சாலையின் குறுக்கே மெல்லிய நாக்கு போல நீண்டிருந்தது. தார் என்று நினைத்தேன். முன்சக்கரம் வழுக்கியது. முழங்கை, இடுப்பு, முழங்கால் மூன்றிலும் தோல் போனது. பொரித்த மீன் விற்கும் அம்மா ஒருவர் ஓடிவந்து தூக்கி, என்னைத் திட்டி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் திட்டினார். பின் கியரைத் தாங்கும் கொக்கி உள்பக்கம் வளைந்துவிட்டது. இராமநாதபுரத்துக் கடைக்காரர் ஒரு நீளக் கம்பியை மாட்டி ஒரே நெம்பில் நிமிர்த்தினார். ஐம்பது ரூபாய். இணையத்தில் இதற்கு அயல்நாட்டுக் கருவி ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள்.

பத்து நாள் நீச்சல் இல்லை. அட்டவணையைக் கதவில் இருந்து கிழித்துவிட்டேன். கோபத்தில் இல்லை, ஜூனில் இருந்தே அதை யாரும் பார்க்கவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு. சென்னை, விடுதி அறை

கால் இரண்டையும் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை ஆறு மணி. அலையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வடகடல் குளம்; இது கரையிலேயே ஆளை மடக்குகிற கடல். பத்தடி போனால் கால் எட்டாது. முடியாவிட்டால் நடந்து வரும் வழி இங்கே இல்லை. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் நீச்சல் குளத்தில் பழகிய நேர்த்தியான தோள்கள்.

ஆனால் மிதவையைப் பார்த்தேன். அதன் கயிறு வடக்கே சாய்ந்திருந்தது. தென்மேற்குப் பருவம் முடியும் வரை இந்தக் கரையில் நீரோட்டம் வடக்கு நோக்கித்தான். எல்லாரும் மிதவையைப் பார்த்து நின்றார்கள். நான் மணலில் தெற்கே முப்பது அடி நகர்ந்து, கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன். பக்கத்துப் பெண் வரிசை மாறிவிட்டேனோ என்று பார்த்தாள்.

முதல் மூன்று அலை அடியில் புகுந்து போனேன். நான்காவது மூக்கில் உப்பை ஏற்றியது. அதன் பிறகு, ஆரஞ்சு மிதவைக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி ஒரு திசையைக் கணித்துக்கொண்டு கைவீசினேன். தலை தூக்கும்போதெல்லாம் இடப்பக்கம் பலர் மிதவையைத் தாண்டி வடக்கே போய், திரும்பி எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிதவை தானாக வந்தது.

38 நிமிடம் 20 நொடி. என் வயதுப் பிரிவில் இரண்டாவதாகக் கரையேறினேன். வாரை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளைத் தொட்டேன்.

சைக்கிள் 1 மணி 31 நிமிடம். பத்து மீட்டர் இடைவெளி விடாமல் ஒட்டிப் போனால் தண்டனை என்பதால் முன்னால் போகிறவரின் நிழலில் காற்றுக்கு ஒதுங்க முடியாது. கச்சானில் யார் நிழலில் ஒதுங்கினேன்? பழகிப்போன விஷயம்.

ஓட்டத்தைப் பற்றி எழுத மனமில்லை. ஆறாவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. தண்ணீர் வைக்கிறோம் என்று சொன்ன இரண்டாவது மேசையில் காலிப் போத்தல்கள்தான் இருந்தன. பங்கேற்புக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கியவர்கள். ஓர் இளநீர்க்காரர் காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தார். வெளியாரின் உதவி வாங்கக்கூடாது என்று விதியில் இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும், மறந்துவிட்டது.

நடந்தும் ஓடியும் பத்து கிலோமீட்டர் 1 மணி 24 நிமிடம் 50 நொடி. இடையே ஒன்றில் இருந்து ஒன்றுக்கு மாறிய நேரமும் சேர்த்து மொத்தம் 3 மணி 41 நிமிடம் 5 நொடி. பிரிவில் ஏழாவது.

18 அக்டோபர், சனி

பருவமழை தொடங்கிவிட்டது. காற்று வடக்கே திரும்பிவிட்டது. வடகடல் இனித் தை கழியும் வரை நமக்கில்லை. அலையில் கயிறு அறுந்துபோகும் முன்பு தெப்பங்களைக் கரையேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காலையிலேயே போனேன். ஈரமூங்கில் இந்தக் கனம் கனக்கும் என்று நினைக்கவில்லை. ஆறு பெண்கள், நான் ஏழாவது.

அக்காவிடம் போட்டியைப் பற்றிச் சொன்னேன். மிதவைக்குத் தெற்கே நின்றதைச் சொன்னபோது தலையசைத்தார். ஏழாவது இடம் என்றதும், "முன்னால் போன ஆறு பேரும் கடல்காரப் பெண்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகு எப்படி முந்தினார்கள்?" ஓட்டத்தில் என்றேன். "ஓடுவதற்கு எதற்குக் கடலுக்கு வர வேண்டும்?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

என் கடைசித் தெப்பம் இப்போது மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. மூங்கிலில் சிப்பி ஒட்டியிருந்தது. நாளை முதல் பாம்பன் குந்துகாலில், தென்கடலில் நீச்சல். அங்கே நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டதற்கு, "இறங்கிப் பாருங்கள், சொல்லும்" என்றார்.