பிசினஸ் அனலிட்டிக்ஸ் ப்ராஜெக்ட்: நான்கு மென்பொருள், ஒன்பது ஃபைல், காணாமல் போகும் வரிகள்

எக்செல், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல், டாஷ்போர்டு போடும் பவர் பிஐ, நிரல் எழுதும் பைத்தான். இந்த நான்கையும் பாடத்திட்டம் தனித்தனி அலகாகத்தான் சொல்லித்தரும். ப்ராஜெக்டில் அடி விழுவதோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவைக் கொண்டுபோகும் இடத்தில். எரர் வந்து நின்றால்கூடத் தேடிச் சரிசெய்துவிடலாம். பல சமயம் எரரே வராது. டேபிளின் வரிகள் (ரோக்கள்) குறைந்துவிடும், அல்லது பெருகிவிடும். டாஷ்போர்டு அழகாக நிற்கும், மொத்தம் தப்பாக இருக்கும்.

டேட்டாசெட்டுகளை இலவசமாகப் பகிரும் காகிள் தளத்தில் கிடைக்கும் ஒலிஸ்ட் டேட்டாசெட்டை வைத்து நான் செய்த ப்ராஜெக்ட் இது. பிரேசில் நாட்டு இணைய விற்பனை, 2016 முதல் 2018 வரை, ஒன்பது சிஎஸ்வி ஃபைல்கள் (கமாவால் பிரித்த எழுத்து ஃபைல்கள்). அடிப்படை ஃபார்முலா, செலக்ட், குரூப் பை தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் விதி: மூல சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேவ் செய்யாதீர்கள். அஞ்சல் எண்களின் இருப்பிடம் சொல்லும் ஜியோலொகேஷன் ஃபைலில் 10,00,163 வரிகள். எக்செலின் எல்லை 10,48,576 என்பதால் முழுதாகத் திறந்துகொள்ளும், சந்தேகமே வராது. ஆனால் சாவோ பாலோவின் அஞ்சல் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. 01037 என்பது 1037 ஆகிவிடும். சேவ் செய்தால் ஃபைலிலேயே பூஜ்யம் போய்விடும், அதன்பின் அஞ்சல் எண்ணை எழுத்தாக வைத்திருக்கும் வேறு எந்த டேபிளோடும் அது சேராது. எக்செலின் மேலே டேட்டா என்ற டேப்பில் உள்ள ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக ஏற்றி, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றுவதே வழி. கல்லூரி லேப் கணினியில் பழைய எக்செல் இருந்தால், இன்னொரு டேபிளிலிருந்து மதிப்பைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் வேலை செய்யாது, அது 2021 முதலான பதிப்புகளிலும் 365-லும்தான் உண்டு. அதற்குப் பதில் பழைய விலுக்அப் போடும்போது நான்காவது இடத்தில் ஃபால்ஸ் கட்டாயம். விட்டுவிட்டால் தோராயமாகப் பொருந்தும் ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக் கொடுக்கும்.

அதிக நேரத்தைத் தின்றது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஏற்றும் வேலை. அதன் திரையான வொர்க்பெஞ்சின் இம்போர்ட் விசார்ட் லட்சம் வரிக்கு மிக மெதுவாக ஓடும். முடிந்ததும் வெற்றி என்று சொல்வதை நம்பாமல் உடனே வரிகளின் கவுண்ட் எடுங்கள். ஆர்டர்ஸ் டேபிளில் 99,441 வர வேண்டும். குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளருக்குப் பொருள் சேர்ந்த தேதி. 2,965 ஆர்டர்களுக்கு அது காலி. காலி எழுத்தைத் தேதியாக மாற்ற மைஎஸ்க்யூஎல் மறுத்துவிடும்.

ஃபைலை நேராக ஏற்றும் லோடு டேட்டா இன்ஃபைல் கட்டளை வேகமானது, ஆனால் 1290 எரர் வரும். செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற பாதுகாப்பு அமைப்பு, குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரிலிருந்து மட்டுமே ஃபைலை எடுக்க விடுகிறது. விண்டோஸில் அது சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் அப்லோட்ஸ். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் கண்ணில் படாது. மறைந்தவற்றைக் காட்டு என்று மாற்றிவிட்டு ஃபைல்களை அங்கே போடுங்கள். தேதியை நேராக ஏற்றாமல் ஒரு மாறியில் வாங்கி, நல்இஃப் மூலம் காலியை நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கினால் 99,441-ம் வந்து நிற்கும். அந்த எண் திரையில் வந்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ரிவியூஸ் ஃபைல் தனித் தொல்லை. கருத்துகளுக்குள்ளேயே என்டர் தட்டியிருக்கிறார்கள், அதனால் 99,224 ரிவியூக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளாக உடையும். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒரே மதிப்பு என்று ஏற்றும் கட்டளையில் சொல்லியாக வேண்டும். பவர் பிஐக்குள் டேட்டாவை ஏற்றும் பவர் க்வெரியிலும் இதே சிக்கல் வரும். சோர்ஸ் படியில் க்வோட் ஸ்டைலை சிஎஸ்வி என்று மாற்றுங்கள்.

அடுத்து ஜாயின், அதாவது பொதுவான ஐடியை வைத்து இரண்டு டேபிள்களைச் சேர்ப்பது. ஆர்டர் ஐட்டம்ஸில் 1,12,650 வரிகள், பேமென்ட்ஸில் 1,03,886. ஓர் ஆர்டரில் மூன்று பொருள், அதற்கு இரண்டு முறையில் பணம் கட்டியிருந்தால் ஜாயின் செய்ததும் ஆறு வரி. உண்மையான பேமென்ட் மொத்தம் சுமார் 1.60 கோடி பிரேசில் ரியால். இந்த ஜாயினுக்குப் பிறகு கூட்டினால் 2 கோடியைத் தாண்டும். ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஒரே விலையில் வாங்கிய இரண்டு பொருள்களையும் அது ஒன்றாக்கிவிடும். இரு டேபிளையும் தனித்தனியே ஆர்டர் ஐடி வாரியாகக் கூட்டி, பிறகு சேருங்கள். அப்போதும் விலையும் அனுப்பும் கட்டணமும் சேர்ந்து 1.58 கோடிதான் வரும். ஐட்டமே இல்லாத 775 ஆர்டர்கள் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

கஸ்டமர் ஐடியும் ஆளை ஏமாற்றும். அது ஒவ்வோர் ஆர்டருக்கும் புதிதாக வருவது. அதை வைத்து எண்ணினால் ஒருவர்கூட மறுபடி வாங்கவில்லை என்று முடிவு வரும். கஸ்டமர் யூனிக் ஐடி என்ற நெடுவரிசைதான் ஆளைக் குறிக்கிறது. 96,096 பேர், அவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் மீண்டும் வந்திருக்கிறார்கள். பொருள் வகைக்கு, பொருந்தாத வரிகளையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின்தான் போட வேண்டும். 610 பொருள்களுக்கு வகையே கிடையாது, மொழிபெயர்ப்பு ஃபைலிலும் இரண்டு வகைகள் விடுபட்டிருக்கின்றன. பொருந்தும் வரிகளை மட்டும் வைத்திருக்கும் இன்னர் ஜாயின் போட்டால் அவற்றின் விற்பனை முழுவதும் காணாமல் போகும்.

பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான். மேக் வைத்திருப்பவர்கள் அதேபோன்ற டேப்லோ பப்ளிக் பயன்படுத்தலாம். பவர் பிஐயில் டாஷ்போர்டை இணையத்தில் பப்ளிஷ் செய்யக் கல்லூரி மெயில் வேண்டும், ஜிமெயிலை ஏற்காது. அந்த மெயில் இயங்குகிறதா என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஐடி அறை வாசலில் நிற்பதைப்போல எரிச்சல் வேறில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள், சமர்ப்பிக்கும் நாளோ இந்த வாரம்.

மேப் போட்டதும் பிரேசிலின் விற்பனை அமெரிக்காவில் தெரியும். மாநிலங்களின் ஈரெழுத்துக் குறியீடுகளே காரணம். பாரா மாநிலத்தின் பிஏ பென்சில்வேனியாவுக்கும், மாட்டோ கிராசோவின் எம்டி மொன்டானாவுக்கும் போய்விடும். குறியீட்டுக்குப் பின்னால் கமா போட்டு நாட்டின் பெயரைச் சேர்த்து ஒரு புதிய நெடுவரிசை உருவாக்கினால் சரியாகும்.

மாத வாரி விற்பனையைக் காட்டும் கோட்டு வரைபடத்தில் இன்னும் கவனம் தேவை. 2018 செப்டம்பரில் 16 ஆர்டர், அக்டோபரில் 4. கோடு பாதாளத்தில் விழும். அதைப் பார்த்து விற்பனை சரிந்தது என்று எழுதினால் மொத்த அறிக்கையும் போச்சு; டேட்டா அங்கே முடிகிறது, அவ்வளவுதான். 2016 நவம்பரில் ஆர்டரே இல்லாததால், எல்லாத் தேதிகளும் உள்ள காலண்டர் டேபிளைத் தனியாக வைக்காவிட்டால் அந்த மாதம் வரைபடத்தில் இடமே பெறாது. 2017 ஜனவரி முதல் 2018 ஆகஸ்ட் வரை மட்டும் எடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பைத்தான் பகுதி, பிரவுசரிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கொலாபில் சிக்கலில்லாமல் முடிந்தது. செஷன் முடிந்தால் ஏற்றிய ஃபைல்கள் அழிந்துவிடும், ஆகவே கூகுள் டிரைவை இணைத்து அங்கிருந்தே படியுங்கள். பைத்தானின் டேபிள் நூலகமான பாண்டாஸில் ஜாயின் வேலையைச் செய்யும் மெர்ஜில் வேலிடேட் என்றொரு வசதி உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று குறிப்பிட்டுவிட்டால், வரி பெருகும் நிலையில் அங்கேயே எரர் கொடுத்து நிறுத்திவிடும். இந்த நான்கு மென்பொருளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒன்றுதான். எஸ்க்யூஎல்லில் அப்படி ஒரு காவல் கிடையாது, ஒவ்வொரு ஜாயினுக்கும் முன்னும் பின்னும் கவுண்டை நாமே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளை ரிப்போர்ட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள், வைவாவில் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

சமர்ப்பிப்பதற்கு முன் கொலாபை ரீஸ்டார்ட் செய்து, நிரல் எழுதிய எல்லா செல்லையும் (கட்டத்தையும்) மேலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். பவர் பிஐ ஃபைலை, டேட்டாவும் உள்ளேயே இருக்கும் இம்போர்ட் முறையில் வைத்திருந்தால் தேர்வாளர் கணினியிலும் திறக்கும். ஆனால் அங்கே ரெஃப்ரெஷ் அழுத்தினால் உங்கள் கணினியில் இருந்த ஃபைலின் பாதையைத் தேடித் தோற்கும். பிடிஎஃப் நகல் ஒன்றையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.