இரண்டு சப்வூஃபர், நான்கு காயில், ஒரு ஆம்ப்: 2 ஓமுக்குக் கொண்டுவந்த அனுபவம்

காரில் பேஸ் ஒலிக்காக சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்ட நினைத்தபோது என்னிடம் முதலில் இருந்தது ஆம்ப் (ஸ்டீரியோவின் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) மட்டும்தான். ஒற்றைச் சேனல், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை. 4 ஓமில் 350 வாட்ஸ், 2 ஓமில் 600 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) என்று கையேட்டில் போட்டிருந்தது. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை; அது குறையக் குறைய ஆம்பிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும். 2 ஓமுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த ‘மேக்ஸ்’ வாட்ஸை நான் கண்டுகொள்ளவே இல்லை. அது விற்பதற்கான எண். கணக்குக்கு உதவுவது ஆர்.எம்.எஸ். மட்டும்தான்.

ஆம்ப் கையில் இருந்ததால், சப்வூஃபர் வாங்குவதற்கு முன்பே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது 12 இன்ச் சப் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் கம்பிச்சுருள்). கடைகளில் இவை பெரும்பாலும் ‘டூயல் 4 ஓம்’, ‘டூயல் 2 ஓம்’ என்று இரண்டு வகையாக வரும். பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஆம்ப் எவ்வளவு பவர் கொடுக்கும் என்பது இந்தத் தேர்விலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

டூயல் 4 ஓம் சப் இரண்டு வாங்கினால் மொத்தம் நான்கு காயில். எல்லாவற்றையும் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 1 ஓம். என் ஆம்ப் தாங்காது. ஒவ்வொரு சப்புக்குள்ளும் இரண்டு காயிலைச் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்தால் 8 ஓம், அப்படி இரண்டையும் பேரலலில் இணைத்தால் 4 ஓம். 350 வாட்ஸோடு நின்றுவிடும். எல்லாமே சீரிஸ் என்றால் 16 ஓம், பேசவே வேண்டாம். நான்கு காயிலுக்கும் சமமாகப் பவர் போக வேண்டும் என்றால் இந்த வகையில் 2 ஓம் கிடைக்கவே கிடைக்காது. டூயல் 2 ஓமில் 0.5, 2, 8 என்று மூன்று வழி. நடுவில் இருப்பதுதான் எனக்கு வேண்டியது. ஒரு சப் 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாங்கும் மாடலாகப் பார்த்து எடுத்தேன். இரண்டுக்கும் 600, ஆம்ப் தருவதும் 600.

2 ஓமுக்கே இரண்டு பாதைகள் உண்டு. சப்புக்குள் பேரலல் போட்டு இரண்டு சப்பையும் சீரிஸில் கோக்கலாம். சப்புக்குள் சீரிஸ் போட்டு இரண்டையும் பேரலலில் இணைக்கலாம். ஓம் கணக்கு ஒன்றேதான். நான் இரண்டாவதையே எடுத்தேன். ஒரு சப்பில் காயில் அறுந்துபோனாலும் மற்றது பாடும். ஆம்புக்கும் 4 ஓம்தான் தெரியும், ஆபத்தில்லை. முதல் வழியில் ஒரு சப்பின் இரண்டு காயிலும் போனால் இரண்டு சப்பும் ஊமை.

ஒயரிங் எளிதுதான். முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸுக்குச் சின்னதாக ஒரு ஒயர். மிஞ்சும் பிளஸும் மைனஸும் ஆம்புக்கு. ஆம்பில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்தேன். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ் என்பதால் 2 ஓம் காயில் 1.8 பக்கம் காட்டும். சீரிஸில் சேர்த்த சப் 3.6, இரண்டும் சேர்ந்து 1.8 வந்தால் சரி. மீட்டரின் ஒயர்களுக்கே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 0.5 பக்கம் காட்டினால் நான்கும் பேரலலில் போயிருக்கிறது என்று அர்த்தம், ஆம்ப் பக்கமே போகக் கூடாது. அப்புறம் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். பிளஸுக்குப் பிளஸ் வைத்தால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

ஓம் சரியாக இருந்தாலும் கரண்ட் போகிற பாதை மெலிந்திருந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். 600 வாட்ஸ் வெளியே வர, 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 750 வாட்ஸ் உள்ளே போக வேண்டும். 14 வோல்ட்டில் அது 54 ஆம்பியர் பக்கம். 5 மீட்டர் 8 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன்) செம்பு ஒயரில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 4 கேஜில் கால் வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் 4 கேஜ், அதுவும் முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் அதே தடிமனில் இழப்பு அதிகம். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வேலை தொடங்கினேன். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். இது ஆம்புக்காக இல்லை, ஒயர் எங்காவது பாடியில் உரசினால் கார் தீப்பிடிக்காமல் இருக்க. எர்த்துக்கும் அதே 4 கேஜ், முடிந்தவரை குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை, பவர் ஒயரின் இரைச்சல் சேராமல் இருக்க, காரின் மறுபக்கமாக இழுத்தேன்.

பலரும் அவசரப்படுவது ஆம்பில் உள்ள கெயின் திருகில்தான். அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. 600 வாட்ஸை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட். சப்பைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, லோ பாஸை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) முழுக்கத் திறந்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் விட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டேன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கெயினை மெதுவாக ஏற்றி 32-இல் நிறுத்தினேன். லோடு இல்லாமல் அளப்பதால் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. அது 512 வாட்ஸ். 600-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்கூட வராது, காதுக்குப் பிடிபடாது.

இந்த டெசிபல் கணக்கைப் பார்த்தபிறகு அதிகப் பவருக்காக 1 ஓம் வரை இறக்கும் மோகமும் எனக்கு விட்டுப்போயிற்று. பவர் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். என் ஆம்ப் 350-லிருந்து 600-க்குப் போனதில் கிடைத்தது சுமார் 2.3 டெசிபல். கேட்கிறது, ஆனால் மலைக்கிற மாதிரி இல்லை. போதாக்குறைக்கு, பாட்டு ஓடும்போது சப்பின் ஓம் 2-இலேயே நிற்பதில்லை. பாக்ஸின் ஒத்ததிர்வுப் பக்கம் பல மடங்கு ஏறும். அங்கே ஆம்ப் கொடுக்கும் பவரும் குறையும். அட்டவணை எண்ணுக்காக ஆம்ப் தாங்காத ஓமுக்கு இறக்கினால் வெப்பமும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கும்தான் மிச்சம்.

கடைசியாக, லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு ஃபேஸ் சுவிட்சை (180-இல் சப்பின் ஒலி அலையைத் தலைகீழாக்குவது) 0, 180 என்று மாற்றி மாற்றி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். 180-இல் பேஸ் கொஞ்சம் கனமாக வந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.